கேட்டதையெல்லாம் அனுப்பலாமா?



மத்ரஸாவில் மாலை வகுப்பு நடத்துகிறவர்கள் ஊர்ச் செய்தியையும் உலகச் செய்தியையும் தேடிப் போக வேண்டியதில்லை. அவை மாணவர்களோடு சேர்ந்தே உள்ளே வந்துவிடும். 2022 நவம்பர் 22 அன்று மாலை வந்த செய்தி கால்பந்துச் செய்தி. கத்தாரில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் சவூதி அரேபியா அர்ஜென்டினாவை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றிருந்தது. கிதாபைத் திறக்க எவருக்கும் மனமில்லை. நமது காயல்பட்டினத்தில் பந்து உதைக்காத பிள்ளையைக் காண்பது அரிது என்பதால், நாமும் சற்று நேரம் அவர்களைப் பேசவிட்டோம்.

அவர்களுடைய வியப்பு சவூதியின் இரண்டு கோல்களைப் பற்றியது மட்டுமன்று. முதற்பாதியில் அர்ஜென்டினா வலைக்குள் செலுத்திய மூன்று பந்துகள் ஆஃப்சைடு என்று செல்லாமற் போயின. மைதானத்தின் கூரைக்குக் கீழே பன்னிரண்டு கேமராக்கள் இருந்தன. அவை ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் இருபத்தொன்பது புள்ளிகளை நொடிக்கு ஐம்பது முறை கணக்கிட்டன. பந்துக்குள்ளேயும் ஒரு கருவி வைக்கப்பட்டிருந்தது. இவற்றையெல்லாம் பிள்ளைகள் நமக்குப் பாடமாகவே நடத்தினார்கள். "ஒரு தோள் முந்தியிருந்தாலும் கண்டுபிடிச்சிடும், உஸ்தாத்" என்றான் ஒருவன். அரங்கம் எவ்வளவு ஆரவாரித்தாலும், மேலிருந்து சரிபார்த்துச் சொல்லும் வரையில் அந்தக் கோல் கோலாகாது.

விளையாட்டையும் அதைப் பற்றிய பேச்சையும் வெறுத்து ஒதுக்கும்படி நமது மார்க்கம் சொல்லவில்லை. பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனைப் பார்த்து மகிழ்ந்ததையும் ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஆகவே அன்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளவில்லை. சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினோம். அந்தச் சிறுவன் சொன்ன சொல் நமக்கே பாடமாகத் திரும்பி வரப்போகிறது என்பதை அப்போது அறியவில்லை.

ஓராண்டு கழிந்து 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று தொடங்கிய மழையை நமது கரையோர மக்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டியதைவிட அதிகமான மழை ஓரிரவில் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை கடந்தது. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறத்தாழ எண்ணூறு பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. மின்சாரம் போயிற்று, சில மணி நேரத்தில் அலைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன.

அவை ஓய்வதற்கு முன்னர், இஷாவுக்குப் பின், நமது கைப்பேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. ஓர் ஆண் குரல், அழுகையும் பதற்றமுமாக, குளத்தின் கரை உடைந்துவிட்டது, தண்ணீர் ஊருக்குள் வருகிறது, உடனே வெளியேறுங்கள் என்று கூறியது. எந்தக் குளம் என்று அந்தக் குரல் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அனுப்பியவர் நமக்கு நன்கு தெரிந்த ஒரு பெரியவர். அதுவே நமக்குப் போதுமானதாக இருந்தது. மத்ரஸாப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அதை அப்படியே போட்டுவிட்டு, கடமையைச் செய்துவிட்டதாக எண்ணி துஆவில் அமர்ந்தோம்.

அதைக் கேட்ட குடும்பங்களுள் ஒன்று மாடி வீட்டில் இருந்தது. வயது முதிர்ந்த உம்மா மேல்தளத்தில் பத்திரமாகப் படுத்திருந்தார். பதிவைக் கேட்ட பிள்ளைகள் அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில், அடுத்த தெருவிலுள்ள உறவினர் வீட்டை நோக்கிப் புறப்பட்டனர். இருளில் ஒருவருடைய கால் இடறிற்று. அந்தத் தாயின் இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இரண்டு நாட்களுக்கு வழியில்லை. உயிர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்றுவரை நின்று தொழுதவர், இன்றுவரை படுக்கையிலேயே தொழுகிறார். அவர்கள் விட்டுப் புறப்பட்ட அந்த மேல்தளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஏறவில்லை.

அந்தக் குரல் பதிவு சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தில் வெள்ளம் வந்தபோது சுற்றியது என்பதைப் பின்னர் அறிந்தோம். நலம் விசாரிக்கச் சென்றபோது மூத்த மகன் நம்மைக் குறை கூறவில்லை. "வேற யாரும் அனுப்பியிருந்தா யோசிச்சிருப்போம். நீங்க அனுப்புனதுனாலதான் நம்புனோம், உஸ்தாத்" என்று மட்டும் சொன்னார். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்போம்.

அந்தக் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டோம். ஆனால் குழுவில் நாம் செய்தது வேறு. கோபுரங்கள் மீண்டும் இயங்கத் தொடங்கிய பின் அந்தப் பதிவை ஓசையின்றி அழித்துவிட்டோம். தவறான செய்தி என்று ஒரு வரி எழுத நமக்கு மனம் வரவில்லை. ஆலிமின் மதிப்புக் குறைந்துவிடுமே என்று நஃப்ஸ் தடுத்தது. இந்தக் கட்டுரையின் வாயிலாக அந்த வரியை இப்போது எழுதுகிறோம். அது பொய்ச் செய்தி. அதைச் சரிபாராமல் அனுப்பியது நமது குற்றம்.

இதை எழுதுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஹதீஸ் பாடம் நடத்துகிறவர்கள் நாம். அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். இவர் இன்னாரிடம் கேட்டாரா, அவரைச் சந்தித்தாரா, நினைவாற்றல் உள்ளவரா, நேர்மையாளரா என்று ஒவ்வொரு ராவியையும் ஆராய்ந்து, அதற்கென அஸ்மாஉர் ரிஜால் என்ற தனிக் கலையையே நமது இமாம்கள் உருவாக்கினார்கள். நல்லவர் என்று பெயரெடுத்தவராயினும், நினைவாற்றல் குறைந்தவர் என்றால் அவருடைய அறிவிப்பைத் தயங்கியே ஏற்றார்கள். இந்தக் கலையின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், பெயரும் ஊரும் தேதியும் இல்லாத ஒரு குரலை எத்தனை குடும்பங்களுக்கு அனுப்பினோம்!

செய்தி கொண்டுவருபவர் நம்பத்தகாதவராயின் அதனைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்துவீர்கள் என்னும் கருத்தை ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் எச்சரிக்கையாக வைக்கிறது. அந்த வருத்தம் எத்தகையது என்பதை நாம் அந்தத் தாயின் படுக்கையருகே நின்று அறிந்தோம். கேட்டதையெல்லாம் பேசித் திரிவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்னும் கருத்திலமைந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் இடம்பெற்றிருக்கிறது. பொய்யை உருவாக்கியவர் மட்டுமே பொய்யர் என்று எண்ணியிருக்கிறோம். சுமந்து சென்றவரும் அதில் பங்காளி.

பெரியவர் அனுப்பினாரே, அவரை ஐயுறுவது மரியாதைக் குறைவல்லவா என்று சிலர் கேட்கலாம். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள், மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்ற நபிமொழியை அறிவித்தபோது, உமர் (ரலி) அவர்கள் அதற்குச் சாட்சி கொண்டுவரச் சொன்னார்கள். அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் சென்று சாட்சி சொன்னார்கள். ஒரு ஸஹாபி மற்றொரு ஸஹாபியிடம் சாட்சி கேட்டது அவமதிப்பாகக் கருதப்படவில்லை. சரிபார்ப்பதும் மரியாதைதான், சொல்லப்படும் செய்திக்குச் செய்கின்ற மரியாதை.

ஆபத்து நேரத்தில் ஆராய்ந்துகொண்டிருக்க நேரமேது என்று கேட்பவர்களும் உண்டு. இது நியாயமான கேள்வி. அன்று உண்மையாகவே பல குளங்கள் உடைந்தன. காலத்தில் வந்த எச்சரிக்கைகளால் உயிர் பிழைத்தோரும் உண்டு. ஆயினும் அந்த எச்சரிக்கைகள் எப்படி இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். நான் இன்ன தெருவில் நிற்கிறேன், இப்போது மணி இத்தனை, தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது என்று சொன்னவருடைய செய்தி பயன்பட்டது. கண்டவர் பெயரும் இடமும் நேரமும் அதில் இருந்தன. இவற்றைச் சேர்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. நாம் அனுப்பிய பதிவில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

வதந்தி உயிரையே பறிப்பதுண்டு. 2018 மே மாதம், பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்ற வாட்ஸ்அப் செய்தி தமிழகத்தில் பரவியிருந்த வேளையில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோவிலுக்குப் புறப்பட்ட ஒரு மூதாட்டி திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதற்காகவே அடித்துக் கொல்லப்பட்டார். நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்த பிறகு, அவ்வாண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு விதித்தது. பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்திகளை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் வந்தது. அந்நிறுவனத்தால் வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். விரலைத் தடுக்க வேண்டியது நமது ஈமான்.

வதந்தியின் கசப்பை நமது சமுதாயத்துக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020-இல் கொரோனா பரவியபோது தப்லீக் ஜமாஅத்தினரைக் காரணம் காட்டி எத்தனை காணொளிகள் சுற்றின! நோயோடு தொடர்பே இல்லாத பழைய காட்சிகள், உணவில் உமிழ்கிறார்கள் என்று பரப்பப்பட்டன. தள்ளுவண்டிக்காரரும் காய்கறி விற்பவரும் பெயர் கேட்டு விரட்டப்பட்டனர். ஜமாஅத்தில் வந்த வெளிநாட்டினர் பலிகடா ஆக்கப்பட்டதாக மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை அவ்வாண்டு ஆகஸ்டில் கூறி, அவர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்தது. தீர்ப்பு வந்தது, அந்தக் காணொளியை அனுப்பியவர்களுள் எத்தனை பேர் அதே குழுக்களில் தீர்ப்பையும் அனுப்பினார்கள்? பிறர் நமக்குச் செய்தபோது நெஞ்சு வெந்த நாம், வேறு ஊரார் மீதோ, வேறு மதத்தவர் மீதோ, நமக்குள்ளேயே வேறு அமைப்பினர் மீதோ செய்தி வந்தால் மட்டும் ஏன் ஆராயாமல் அனுப்புகிறோம்?

நமது கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைக் குவியலாகவே ஏலம் எடுத்தார்கள். உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது எவருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கான சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவித் தேடினால்தான் சில முத்துக்கள் கிடைக்கும். அவற்றையும் துளையளவு வெவ்வேறான பத்துப் பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்துத் தரம் பிரித்த பின்னரே வணிகர்கள் விலை பேசினார்கள். அந்த வணிகத்தில் நமது முன்னோர்களும் இருந்தார்கள். ஒரு மணிக்குப் பத்துச் சல்லடை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், ஒரு மனிதரின் உயிருக்கும் மானத்துக்கும் ஒரு சல்லடையேனும் வைக்க வேண்டாமா?

ஆகவே நமது மத்ரஸாவில் ஒரு சிறு பழக்கத்தைத் தொடங்கியுள்ளோம். ஒவ்வொரு வாரமும் மாணவர்கள் தம் வீட்டுக் கைப்பேசிக்கு வந்த ஒரு செய்தியைக் கொண்டுவர வேண்டும். அதற்கு இஸ்னாத் தேடுவது பாடம். யார் கண்டார், எங்கே, எப்போது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்காவிட்டால் அந்தச் செய்தியின் பயணம் நம்மோடு நின்றுவிடும். தவறுதலாக அனுப்பிவிட்டால், எந்தக் குழுவில் தவறு சென்றதோ அதே குழுவில் திருத்தமும் செல்ல வேண்டும். ஓசையின்றி அழிப்பது திருத்தமாகாது. பெரும்பாலான செய்திகள் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுகின்றன. முதல் வாரம் பிள்ளைகள் ஆராய எடுத்துக்கொடுத்தது நாம் அனுப்பிய அந்தக் குரல் பதிவைத்தான்.

கோல் பற்றி அன்று பேசிய மாணவன் இப்போது சற்று வளர்ந்துவிட்டான். பதிவைக் கேட்டு முடித்ததும், "இதை மேலே யாருமே பார்க்கலையே, உஸ்தாத்" என்றான். அவன் சொன்னது சரிதான். கண்டிப்பான பெற்றோரும்கூட இதை வீட்டில் செய்து பார்க்கலாம். கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதைவிட இது எளிது; பிள்ளைகளும் நம்மை மடக்குவதற்காகவே ஆர்வத்தோடு வருவார்கள். மடக்கட்டும்.

நாவினாலும் விரலினாலும் பிறருக்குத் தீங்கு விளையாதபடி அல்லாஹ் நம்மைக் காத்தருள்வானாக. அந்தத் தாய்க்கு ஆஃபியத்தை நல்குவானாக. வாசிக்கும் ஒவ்வொருவரும் அவருக்காக ஒரு துஆ செய்யும்படி வேண்டுகிறோம். ஆமீன்.