நண்பகல் பேயும் நமது போராட்டமும்

ஆன்மீகப் போராட்டம் என்றவுடன் எம்மவரில் பலருக்கு நினைவில் வருவது செய்வினையும் சூனியமுந்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் மாறாவிட்டால், கட்டியிருந்த ஆடு செத்துப்போனால், யாரோ எதையோ செய்துவிட்டார்கள் என்ற பேச்சு எழுகிறது. சந்தேகம் பக்கத்துக் கொட்டிலில் இருப்பவர் மீது விழுகிறது. ஒதுங்கியிருக்கும் சில குடும்பங்களைப் பிரிப்பதற்கு இதைவிட வேறொன்றும் வேண்டியதில்லை. தீயவன் இல்லையென்று நாம் சொல்லவில்லை. பாஸ்கா திருவிழிப்பில் மெழுகுதிரி பிடித்து, அவனை விட்டுவிடுவதாக ஆண்டுதோறும் வாக்களிக்கிறோம். ஆனால் ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குருவானவர் மட்டுமே பேயோட்டும் சடங்கை நடத்தலாம் என்பது திருச்சபைச் சட்டம். அவ்வளவு நிதானம் வேண்டிய விடயம் இது. காசு வாங்கிக்கொண்டு எண்ணெய் கொடுப்பவர்களிடம் அந்த நிதானத்தை நாம் காணவில்லை.

புனித பவுல் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில், படைவீரனின் கச்சை, மார்புக்கவசம், கேடயம், தலைச்சீரா, வாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி விசுவாசியை ஆயத்தப்படுத்துகிறார். 1983 முதல் 2009 மே மாதம் வரை போரைக் கண்ட எமக்கு இந்தப் பேச்சே கசக்கும். ஆயினும் அவர் சொல்வதைக் கவனியுங்கள். எமது போராட்டம் இரத்தமும் சதையுமான மனிதரோடு அல்ல என்கிறார். இதை எமது மண்ணில் வைத்து வாசித்தால், சிங்களவர் எதிரிகள் அல்லர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் எதிரிகள் அல்லர். அவர்களும் எம்மைப்போல் காணியையும் கிணற்றையும் விட்டு நடந்தவர்கள். சொந்த வீட்டில் இருந்துகொண்டு எம்மை 'அகதி' என்று அழைக்கும் அயலவரும் எதிரி அல்லர். இந்தக் கடைசி ஆளை மன்னிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்பது எமது அனுபவம். அந்தப் படைவீரனின் காலுக்குப் பவுல் கொடுப்பதும் சமாதானத்தின் பாதணிதான். 1995 ஒக்டோபர் 30 அன்று நாவற்குழிப் பாலத்தால் நடந்தவர்களுக்குக் காலின் அருமையைச் சொல்லவேண்டியதில்லை.

அப்படியானால் எதிரி எங்கே? நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி, தீய எண்ணங்கள் எட்டு என்று எழுதிவைத்தார். அவற்றுள் மிகப் பாரமானது 'நண்பகல் பேய்' என்னும் சோர்வு. காலை பத்து மணி தொடக்கம் பிற்பகல் இரண்டு மணி வரை அது தாக்குமாம். சூரியன் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். யாராவது வருகிறார்களா என்று துறவி வாசலையே பார்ப்பான். இருக்கும் இடத்தின் மீதும் கைவேலையின் மீதும் வெறுப்பு வரும். விட்டுவந்த வீடும் சுற்றமும் நினைவுக்கு வந்து வாட்டும்.

இது எமது முகாம் கொட்டில்களின் நண்பகல் அல்லவா? நிவாரணம் இன்று வருமாம், நாளை வருமாம் என்று வீதியைப் பார்த்தபடி இருப்போம். ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் இனிப்பைப் பேசிப் பேசி, இங்குள்ள தண்ணீர் தொண்டைக்குள் இறங்காது. மண்வெட்டி பிடித்த கை சும்மா இருக்கிறது. பிறகு கசிப்பு வருகிறது. அதன் பின் வீட்டில் அடி. அதன் பின் பிள்ளையின் படிப்பு நிற்கிறது. பெண்கள் ஓரளவு தாக்குப்பிடிப்பதை நாம் எங்கும் கண்டிருக்கிறோம். தண்ணீரும் விறகும் உலையும் அவர்களை விட்டுப்போகவில்லை. ஆண்களின் வேலை காணியோடு போய்விட்டது. ஆகவே இதை முக்கியமாக ஆண்களுக்கே எழுதுகிறோம்.

வனத்து அந்தோனியாருக்கும் இந்தச் சோர்வு வந்தது. அவர் இறைவனிடம் வழி கேட்டபோது, தம்மைப் போன்ற ஒருவர் இருந்து கயிறு திரிப்பதையும், எழுந்து செபிப்பதையும், மீண்டும் இருந்து திரிப்பதையும் கண்டார் என்று மரபு சொல்கிறது. அந்தத் துறவிகள் ஓலையில் கூடையும் பாயும் இழைத்து விற்றே சீவித்தார்கள். கடகம் இழைக்கும் எமது தாய்மாருக்கு இது புதினமல்ல.

புழுதி விதைப்புக்காரர் மழை வந்தபின் ஏர் தேடுவதில்லை. ஆன்மீக ஆயத்தமும் அப்படித்தான். ஒரு நேரத்துக்கு எழும்புங்கள். குளித்த தண்ணீர் ஓடும் இடத்தில் பத்து மிளகாய்க் கன்று வையுங்கள். இரவல் நிலமாயினும் வையுங்கள். செபமாலைக்குப்பின் ஐந்து நிமிடம் அன்றைய நாளைத் திரும்பிப் பாருங்கள். புனித இஞ்ஞாசியார் படைவீரராயிருந்து 1521இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். எந்த எண்ணம் மனதை வறட்சியாக்கிச் செல்கிறது, எந்த எண்ணம் அமைதியை விட்டுச் செல்கிறது என்பதை அங்கேதான் கவனிக்கக் கற்றார். சோர்ந்திருக்கும் காலத்தில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றாதே என்பது அவருடைய விதி. எமது மொழியில் சொன்னால், மனம் உடைந்த நாளில் காணியை அரைவிலைக்கு எழுதிக் கொடுக்காதீர்கள், மகளின் படிப்பை நிறுத்தாதீர்கள், படகேறத் தரகருக்குக் காசு கட்டாதீர்கள்.

பொறுமை என்றால் வாய்மூடி இருப்பது என்று சிலர் போதிக்கிறார்கள். நாம் அதற்கு உடன்படவில்லை. அதே அதிகாரத்தின் முடிவில், விலங்கிடப்பட்ட பவுல் தமக்காகச் செபிக்கும்படி கேட்கிறார். விலங்கு கழல அல்ல, துணிவோடு பேசுவதற்கே கேட்கிறார். 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்தை விட்டு வெளியேற்றப்பட்ட மக்கள், 2017இல் கடற்படை முகாமுக்கு முன்னால் ஒரு மாதத்துக்கு மேலாக இருந்து தமது காணியைக் கேட்டார்கள். ஒரு பகுதியையேனும் விடுவிப்பதாக உறுதிமொழி கிடைத்தது. நீங்களும் காணி உறுதியைத் தேடி எடுத்து வையுங்கள். தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்துப் பதிவேட்டில் பாருங்கள். அயல் குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். எழுத வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றும் கூட வரட்டும்.