பலாவில் கறுத்து உதிர்வது பிஞ்சா, பூவா?

கச்சிராயபாளையத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: கொல்லையில் கொட்டை போட்டு வளர்ந்த பலாமரம், வயது எட்டு. போன வருடமும் இந்த வருடமும் விரல் நீளத்துக்கு நிறையப் பிஞ்சு வைத்தது. கொஞ்ச நாளில் எல்லாம் கறுத்து, பூசணம் பூத்து, ஒன்றுகூட நிற்காமல் கொட்டிவிட்டது. கடையில் கொடுத்த மருந்தை இரண்டு முறை அடித்தும் பலனில்லை. மரத்தை வெட்டி விற்றுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

வெட்ட வேண்டாம். இந்த அடையாளங்களைப் பார்த்தால், கொட்டியது பிஞ்சு அல்ல, ஆண் பூ. அடித்த மருந்துக்கான செலவுதான் வீண்.

பலாவில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும். இரண்டும் பார்வைக்குப் பிஞ்சு போலவே இருப்பதால் குழப்பம் வருகிறது. ஆண் பூ மெல்லிய காம்பில் தொங்கும். பெரும்பாலும் கிளை நுனிகளில் இலைகளுக்கு நடுவே இருக்கும். மேல்தோல் வழவழப்பாக இருந்து, பின்பு மஞ்சள் தூள் படியும். அதுதான் மகரந்தம். தூள் கொட்டியதும் அதன் வேலை முடிந்தது. கறுத்து, பூசணம் பிடித்து விழுந்துவிடும். விழத்தான் வேண்டும். பெண் பூ அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் தடித்த காம்பில் வரும். காம்பு பூவோடு சேரும் இடத்தில் பச்சை வளையம் ஒன்று தெரியும். மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கும். காயாவது இது மட்டுமே.

இளமரம் முதல் ஓரிரு பருவங்களில் ஆண் பூவாகவே பூப்பது வழக்கம். கொட்டையிலிருந்து வந்த மரம் காய்க்க ஏழெட்டு ஆண்டு எடுக்கும் என்பதால், இவருடைய மரம் சரியான வயதில்தான் இருக்கிறது. இன்னும் இரண்டு பருவம் பொறுக்கலாம். அதுவரை ஆட்டுக்குத் தழை வேண்டும் என்று மரத்தை மொட்டையடிக்காமல் இருந்தால் போதும். பலாத்தழை ஆட்டுக்கு நல்ல தீனிதான். ஆனால் காய்க்கப்போகிற மரத்துக்கு இலைதான் சமையலறை.

நிஜமாகவே பிஞ்சு அழுகுவதும் உண்டு. தடித்த காம்பில் நிற்கும் பிஞ்சு, பனியும் தூறலும் உள்ள நாட்களில் காம்புப் பக்கம் மிருதுவாகி, சாம்பல் நிறப் பூசணம் படர்ந்து, பிறகு முழுவதும் கறுத்தால் அது அழுகல் நோய். அப்படிப்பட்ட பிஞ்சுகளையும் கீழே கிடக்கும் ஆண் பூக்களையும் பொறுக்கிப் புதைத்துவிட வேண்டும். நோய் அங்கிருந்துதான் பரவுகிறது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு காப்பர் ஆக்ஸிகுளோரைடு 2.5 கிராம் கலந்து 15 நாள் இடைவெளியில் தெளிக்கலாம். பிஞ்சில் ஓட்டையும் அதன் வாயில் புழுவின் எச்சமும் இருந்தால் அது துளைப்பான் வேலை. அதற்குப் பூசணக் கொல்லி அடித்துப் பயனில்லை. தாக்கிய பிஞ்சையும் தளிரையும் புழுவோடு சேர்த்துக் கிள்ளி அழிக்க வேண்டும்.

இதே கடிதத்தில், வயலோரம் பத்துப் பலா வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். வைக்கலாம், இடம் பார்த்து. பண்ருட்டிப் பலாவின் பெயருக்குப் பாதிக் காரணம் அங்குள்ள ஆழமான, தண்ணீர் வடியும் செம்மண். கல்வராயன் மலையடிவாரத்தின் மேட்டுச் செம்மண்ணிலும் பலா நன்றாக வரும். ஆனால் கோமுகி அணைப் பாசனத்தில் நெல் வயலை ஒட்டிய தாழ்ந்த வரப்பு ஆகாது. வேரில் சில நாள் தண்ணீர் நின்றாலே இலை மஞ்சளாகி மரம் பட்டுப்போகும். பலா வறட்சியைக்கூட ஓரளவு பொறுக்கும், இதைப் பொறுக்காது.

கன்றும் முக்கியம். பக்கத்து வீட்டுப் பழம் தேனாக இனித்தது என்று அதன் கொட்டையைப் போட்டால், அதே ருசி வரும் என்று சொல்ல முடியாது. கொட்டைதான் போடுவது என்றால் பழம் அறுத்த சில நாட்களிலேயே, மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிட வேண்டும். காய்ந்த கொட்டை முளைக்காது. பிடுங்கி நட்டால் ஆணிவேர் கெடும். பத்து மரம் வைப்பவர் ஒட்டுக்கன்று வாங்குவதே நல்லது. நாலைந்து ஆண்டில் காய்ப்புக்கு வரும். பண்ருட்டி அருகே பணிக்கன்குப்பத்தில் இருந்த ஒரு மரத்திலிருந்து தேர்வு செய்து, பாலூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1 ரகம் ஆண்டில் இரு பருவம் காய்க்கும். ஒட்டு, மண்ணுக்கு மேலே நிற்கும்படி நட வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளாவிட்டால், நாளடைவில் அடிக்கன்றுதான் மரமாகும்.

எட்டு மீட்டருக்கு ஒரு கன்று. தோப்பாக வைத்தால் ஏக்கருக்கு 60 கன்று சுமார். ஒரு மீட்டர் குழி, 10 கிலோ மக்கிய தொழு உரம், மழைக்காலத்தில் நடவு. முதல் சில ஆண்டு உளுந்தோ கடலையோ ஊடுபயிராகப் போடலாம். நம் பகுதியில் மரவள்ளி போடும் ஆசை வரும். போட்டாலும் கன்றிலிருந்து தள்ளிப் போட வேண்டும், கிழங்கு பிடுங்கும்போது பலா வேர் அறுபடும். காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.6 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2.5 கிலோ, பொட்டாஷ் 800 கிராம். ரசாயன உரங்களை இரண்டாகப் பிரித்து, வைகாசி வாக்கில் பாதி, புரட்டாசி வாக்கில் பாதி, மண்ணில் ஈரம் இருக்கும்போது இட வேண்டும். அடிமரத்தை ஒட்டிக் கொட்டக் கூடாது. உணவு எடுக்கும் வேர் நிழல் விழும் ஓரத்தில் இருக்கிறது.

காய்ப்பு வந்தபின் ஒரே கொத்தில் நாலைந்து பிஞ்சு நின்றால், ஒன்றிரண்டை விட்டு மற்றதை மூசாக அறுத்துக் கறிக்கு விற்றுவிடலாம். நிற்பது பெருக்கும், கிளையும் முறியாது. முற்றிய காயைத் தட்டினால் மொத்தென்று சத்தம் வரும், முள் விரிந்து தட்டையாகும், காம்பை ஒட்டிய கடைசி இலை பழுக்கும். அப்போது காம்போடு அறுத்து, கயிறு கட்டி இறக்க வேண்டும். கீழே போட்ட காய் பழுப்பதற்குள் அடிபட்ட இடத்தில் அழுகிவிடும்.