பப்பாளிப் பாலும் இன்சுலினும்

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மகன் வந்திருந்தான். ஹைதராபாத்தில் புரத ஆராய்ச்சி செய்கிறவன். வேலையை விட்டுவிட்டுப் புரத மருந்து கம்பெனி தொடங்கப் போகிறானாம். "ஒரு பத்து லட்சம் போடுங்க பெரியப்பா" என்றான்.

முப்பது வருஷம் வங்கியில் கடன் விண்ணப்பம் பார்த்த வாய் சும்மா இருக்குமா? "முதல் வருஷம் என்னடா விப்பே?" என்று கேட்டேன். "மருந்து வர பத்து வருஷமாவது ஆகும்" என்றான்.

அவன் சொன்னது நிஜம்தான். நான் தினமும் குத்திக்கொள்ளும் இன்சுலினும் புரதம்தான். விழுங்கினால் பருப்பு மாதிரி செரித்துப் போகும், அதனால்தான் ஊசி. முன்பெல்லாம் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். இப்போது மரபணு மாற்றிய பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ தொட்டியில் வளர்ந்து செய்து தருகிறது. உயிருள்ளது செய்யும் சரக்கு என்பதால் பக்குவம் தவறினால் சரக்கும் மாறும். மாத்திரையைப் போல எளிதில் நகலெடுக்க முடியாது. ஒரே மாதிரிதான் என்று நிரூபிக்கவே வருஷக்கணக்கில் சோதனை. அத்தனை நாள் சம்பளம் யார் கொடுப்பது?

அமெரிக்காவின் ஜெனென்டெக் 1976ல் தொடங்கியது. 1978லேயே பாக்டீரியாவில் மனித இன்சுலின் செய்துவிட்டது. ஆனால் தானே விற்கவில்லை. எலி லில்லிக்கு உரிமம் கொடுத்து ராயல்டி வாங்கிக்கொண்டது. அந்த இன்சுலினுக்கு 1982ல் அனுமதி கிடைத்தது. ஜெனென்டெக் தன் பெயரில் விற்ற முதல் மருந்து, வளர்ச்சி ஹார்மோன், 1985ல்தான் வந்தது. நடுவில் 1980ல், கடையில் ஒரு மருந்தும் இல்லாமலே, பங்குச் சந்தையில் பணம் திரட்டினார்கள். வாங்கவும் ஆள் இருந்தது!

நமக்கு பெங்களூரு வழிதான் சரி என்பது என் கட்சி. கிரண் மஜும்தார் 1978ல் வாடகை ஷெட்டில் பயோகானைத் தொடங்கியபோது மருந்து பற்றிய பேச்சே இல்லை. பப்பாளிப் பாலிலிருந்து பப்பைன், மீனிலிருந்து பீரைத் தெளிய வைக்கும் ஒரு பொருள். இரண்டுக்கும் வாங்குபவர் இருந்தார். அந்த வருமானத்தில் தொட்டியில் நுண்ணுயிர் வளர்க்கும் கைப்பக்குவம் வந்தது. ஈஸ்ட்டில் செய்த இன்சுலினை விற்றது 2004ல். இருபத்தாறு வருஷம்!

அவருக்கும் ஆரம்பத்தில் வங்கிகள் கடன் தர மறுத்தன. எங்கள் கிளைக்கும் தொண்ணூறுகளில் நொதி தயாரிக்க ஒருவர் கடன் கேட்டு வந்தார். ஆர்டர்கூட கையில் வைத்திருந்தார். நாங்கள் நிலப்பத்திரம் கேட்டோம். அவரிடம் இருந்ததோ ஈஸ்ட். "பரிந்துரைக்க இயலாது" என்று எழுதியது நான்தான். அந்த ஃபைல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் பையனை வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. என் வைப்புத்தொகை ஒன்று ஆவணியில் முதிர்கிறது. அதற்குள் எந்த நொதியை, யாருக்கு, கிலோ என்ன விலைக்கு விற்கப் போகிறான் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் போனான். என் மனைவிக்கும் என்மேல் கோபம்.