"கூட யார் வருகிறார்கள்?" என்ற கேள்வி போதுமா?

செம்பூரில் குடியிருக்கும் ஒரு குடும்பத் தலைவியை எடுத்துக்கொள்வோம். வயது 45ஐத் தாண்டிவிட்டது. இருபது வருஷமாகக் காலை லோக்கலில் நின்றபடியே சி.எஸ்.டி.க்கு உத்தியோகம் போய் வந்ததில் இடுப்புவலி நிரந்தரமாகிவிட்டது. மாத்திரை தின்று அலுத்துப்போனார். ஆபீசில் உடன் வேலை பார்க்கும் மராட்டியப் பெண்மணி, "பத்து நாள் உருளி காஞ்சன் போய் வா" என்கிறார். அடுத்த மேஜையிலிருந்து இன்னொருவர், "கேரளத்துக்குப் போய் எண்ணெய்ச் சிகிச்சை எடுத்துக்கொள்" என்கிறார். அம்மாள் அன்று இரவு வீட்டில் பேச்சை எடுக்கிறார்.

"கூட யார் வருகிறார்கள்?"

முதல் கேள்வி அதுதான். கணவருக்கு லீவு இல்லை. மகளுக்குப் பரீட்சை. மாமியாருக்கு மாடிப்படி இறங்கவே முடியாது. பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த வருஷமும் அதே இடுப்புவலி, அதே கேள்வி, அதே பதில். மாட்டுங்காவிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் இப்படி முடிந்துபோன பேச்சுகளைக் கணக்கெடுத்தால் ஒரு ரயில் பெட்டி கொள்ளாது.

கேள்வி அக்கறையினால் பிறப்பதுதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது கேட்க வேண்டிய இடத்தில் கேட்கப்படவில்லை. கணவர் கூடவே போகிறார் என்றே வைத்துக்கொள்வோம். எண்ணெய் தேய்க்கும் அறைக்குள் அவர் போகப்போகிறாரா? கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார். ஆபத்து என்று ஒன்று இருக்குமானால் அது அந்தக் கதவுக்கு உள்ளேதான் இருக்கிறது.

துணை இருந்தும் நடந்தது

2018ஆம் ஆண்டு கேரளத்தில் நடந்த சம்பவத்தைப் பலர் மறந்திருக்கலாம். லாட்வியா நாட்டைச் சேர்ந்த ஒரு பெண், மனச்சோர்வுக்கு ஆயுர்வேத சிகிச்சை பெறுவதற்காக வந்திருந்தார். அவர் தனியாக வரவில்லை. உடன்பிறந்த சகோதரியும் கூட இருந்தார். மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை, திருவனந்தபுரத்தை அடுத்த சிகிச்சை நிலையத்திலிருந்து அவர் வெளியேறி, ஆட்டோ பிடித்துக் கோவளம் கடற்கரைக்குப் போனார். பிறகு ஆளைக் காணவில்லை. சகோதரி ஊர் ஊராகப் படத்தைக் காட்டி அலைந்தார். போலீஸ் தேடுதல் மந்தமாக நடந்தது என்று குடும்பத்தார் குறை கூறினார்கள். ஐந்து வாரம் கழித்து அலையாத்திக் காட்டுக்குள் அவருடைய உடல் கிடைத்தது. சுற்றுலா வழிகாட்டிகள் என்று சொல்லிக்கொண்டு அழைத்துப்போன இருவருக்கு 2022 டிசம்பரில் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

அந்தத் துயரத்தை வைத்துக் கேரளம் முழுவதையும் பழிப்பது அநியாயம். ஆனால் சிகிச்சை நிலையம் எதுவானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை அது காட்டிக் கொடுக்கிறது. தங்கியிருப்பவர் வாசலைத் தாண்டினால் எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் உண்டா? சாப்பாட்டு வேளைக்கு வராவிட்டால் எத்தனை மணி நேரத்தில் ஒருவர் தேடிப் போவார்? வீட்டுக்கும் போலீசுக்கும் தகவல் சொல்வது யார் பொறுப்பு? இவற்றுக்குப் பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் தாமரைக் குளமும் மூங்கில் குடிலும் இருந்து பயனில்லை.

பயணம் அவ்வளவு பயங்கரமல்ல

வீட்டார் அதிகம் பயப்படுவது ரயில் பயணத்துக்கு. உண்மையில் இந்த ஏற்பாட்டில் ஓரளவு ஒழுங்கு செய்யப்பட்டிருப்பது ரயில் பயணம்தான். தொலைதூர ரயில்களில் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்று 6 படுக்கைகள் ஒதுக்கீடு உண்டு. தனியாகப் போகிற பெண் எந்த வயதானாலும் கேட்கலாம். 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு தனியே இருக்கிறது. கவுண்டரில் பாரம் எழுதும்போது இதைக் குறிப்பிடுகிறவர்கள் குறைவு. வயதைப் போடவே தயங்குகிறவர்களும் உண்டு, அதற்கு ரயில்வே என்ன செய்யும்?

தனியே பயணம் செய்யும் பெண்களைப் புறப்படும் நிலையத்திலேயே பார்த்துப் பேசி, வழியில் விசாரித்து, இறங்கும் வரை கவனிக்க ரயில்வே பாதுகாப்புப் படை 2020இல் "மேரி சஹேலி" என்ற திட்டத்தைத் தொடங்கியது. எல்லா ரயிலிலும் ஒரே மாதிரி நடக்கிறது என்று சொல்ல முடியாது. யாரும் வரவில்லை என்றால் 139க்குப் போன் செய்யலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. டிக்கெட் கோளாறு என்று ஆண் துணையில்லாத பெண்ணை இரவில் கண்ட இடத்தில் இறக்கிவிட முடியாது. ஜங்ஷனிலோ, மாவட்டத் தலைநகர் நிலையத்திலோ, அதுவும் பகலில்தான் இறக்கலாம் என்று 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டமே சொல்கிறது.

ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் கவனம் வேண்டும். "இயற்கையின் மடியில், நகரச் சந்தடிக்கு அப்பால்" என்று விளம்பரம் சொன்னால், இரவு எட்டு மணிக்கு ஆட்டோ கிடைக்காத இடம் என்று படித்துக்கொள்ள வேண்டும். வெளிச்சம் இருக்கும்போது போய்ச் சேருகிற வண்டியாகப் பார்த்து டிக்கெட் எடுப்பது, ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிப்பதைவிட முக்கியம்.

நம் ஊர்ப்பக்கமே இருப்பவை

மும்பைத் தமிழர்கள் சென்னைக்குப் போகும்போதெல்லாம் புனேயைத் தாண்டி உருளி என்ற நிலையத்தைக் கடந்துதான் போகிறார்கள். பெரும்பாலான எக்ஸ்பிரஸ்கள் அங்கே நிற்பதில்லை, ஆகையால் யாரும் கவனிப்பதில்லை. 1946 மார்ச்சில் காந்தியடிகள் அந்தக் கிராமத்தில் தங்கி ஏழைகளுக்கு இயற்கை வைத்தியம் செய்தார். அவர் தொடங்கிய ஆசிரமத்தை மணிபாய் தேசாய் கட்டிக் காத்தார். இன்றும் அது நடக்கிறது. கட் மலை உச்சியில் லோனாவ்ளாவில் சுவாமி குவலயானந்தா 1924இல் நிறுவிய கைவல்யதாமம் யோகத்துக்குப் பெயர் பெற்றது. மற்றொரு கட் ஏறினால் இகத்புரி. அங்கே 1976 முதல் விபாசனா தியான முகாம்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம்.

விபாசனாவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி ஏற்பாடு. பத்து நாள் பேசக் கூடாது, போனை ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டார் பதறிப்போகாமல் இருக்க, அலுவலக எண்ணை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இந்த முகாம் ஏற்றதல்ல என்று அவர்களே சொல்கிறார்கள். அப்படிச் சிலரைத் திருப்பி அனுப்பும் இடத்தின்மேல் நம்பிக்கை கூடுகிறது. எல்லா வியாதியும் தீரும், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பணத்தைக் கட்டச் சொல்லும் இடத்தைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

கதவுக்கு உள்ளே

இனி கேட்கக் கூச்சப்படும் விஷயத்துக்கு வருவோம். எண்ணெய் தேய்ப்பது யார்? பெண்ணுக்குப் பெண்தான் தேய்க்க வேண்டும் என்பது பழைய வைத்தியசாலைகளில் எழுதப்படாத சட்டம். கேரள சுற்றுலாத் துறை ஆயுர்வேத நிலையங்களுக்கு "கிரீன் லீஃப்", "ஆலிவ் லீஃப்" என்று தரச் சான்று வழங்கியபோது, ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று பயிற்சி பெற்றவர்கள் இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. புறப்படுவதற்கு முன்பே போனில் கேட்டுவிடலாம். "இன்று அந்தப் பெண் லீவு, இவர் அனுபவசாலி" என்று அங்கே போனபின் சொன்னால், "அப்படியானால் நாளைக்குச் செய்துகொள்கிறேன்" என்று எழுந்து வர எந்தப் பெண்ணுக்கும் உரிமை உண்டு. ஆண் டாக்டர் உடலைப் பரிசோதிக்கும்போது கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்பது நோயாளிகளின் உரிமைகளில் ஒன்றாக 2018இல் தேசிய மனித உரிமை ஆணையத்தால் எழுதப்பட்டு, மத்திய சுகாதார அமைச்சகத்தாலும் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது.

பிழிச்சல், கிழி, வஸ்தி என்று சொல்லும் பெயர்கள் புதிதாகப் போகிறவருக்குப் புரிவதில்லை. அங்கேதான் சிக்கல். எது சிகிச்சை என்று தெரியாதவருக்கு எது சிகிச்சை அல்ல என்று எப்படித் தெரியும்? தகாத விதத்தில் கை பட்டாலும், "இதுவும் வைத்தியமாக இருக்குமோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு, ஊர் வந்து யாரிடமும் சொல்லாமல் இருக்கும் பெண்கள் உண்டு. ஆகவே ஒவ்வொரு நாளும் என்ன செய்யப்போகிறார்கள், எந்தெந்த இடத்தில், எவ்வளவு நேரம், எந்த உடையில் என்பதை டாக்டர் வாயால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். நல்ல வைத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டார். உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, வெளியிலிருந்து திறக்கும் சாவி யாரிடம் என்பதையும் அறை கொடுக்கும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பு என்றால் மானத்தை மட்டும் நினைக்கிறோம். உயிரும் இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுத்துக்கொண்டிருப்பவரை உபவாசம் இருக்கச் சொன்னால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார். ரத்த அழுத்த மாத்திரையை "இங்கிலீஷ் மருந்து விஷம்" என்று ஒரே நாளில் நிறுத்தச் சொல்லும் சாமியார் பாணி இடங்களும் இருக்கின்றன. வெள்ளைக் கோட்டும் உருத்திராட்சமும் படிப்பாகாது. ஆயுர்வேதத்துக்கு பி.ஏ.எம்.எஸ்., இயற்கை வைத்தியத்துக்கு பி.என்.ஒய்.எஸ். என்று ஐந்தரை வருஷப் படிப்பு இருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்டால் சொல்ல வேண்டும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவதில் வெட்கமில்லை. இரவில் உடம்புக்கு வந்தால் பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வி, சாப்பாட்டில் உப்பு உண்டா என்பதற்கு முன்னால் வர வேண்டியது.

புகார் செய்ய இடம் உண்டு

வேலை செய்யும் இடத்தில் பெண்கள் துன்புறுத்தப்படுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அந்த இடத்துக்குச் சிகிச்சைக்காக வந்த பெண்ணும் புகார் தரலாம். பத்துப் பேர் வேலை செய்யும் நிலையம் என்றால் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவென்றால் மாவட்டக் குழு. பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். குழு உறுப்பினர்களின் பெயர் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று வந்த அன்றே பார்க்கலாம்.

போலீஸ் விஷயத்திலும் பழைய பயம் ஒன்று இருக்கிறது. "கேரளத்தில் நடந்ததற்கு அங்கே போய்த்தான் புகார் செய்ய வேண்டும்" என்று இங்கே கையை விரித்துவிடுவார்கள் என்ற பயம். 2024 ஜூலை 1ஆம் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்தாக வேண்டும். ஊர் திரும்பிய பெண் செம்பூர் ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

இவ்வளவையும் ஒரு பெண் தன்னந்தனியே கேட்டுத் துருவ வேண்டியிருப்பது நியாயமா என்றால், நியாயமில்லைதான். சான்று பெற்ற நிலையங்களின் பட்டியலைத் தமிழிலும் மராட்டியிலும் ஒவ்வொரு பெரிய ரயில் நிலையத்திலும் ஒட்டிவைக்க சுற்றுலாத் துறைகளுக்கு என்ன செலவாகிவிடும்? அது வரும் வரை, வீட்டில் கேள்வி கேட்கிற கணவன்மார்கள் அந்தப் பொறுப்பில் பாதியை ஏற்கலாம். லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை. ஆபீஸ் இடைவேளையில் நிலையத்துக்குப் போன் போட்டு, தேய்ப்பது யார், டாக்டர் பதிவு எண் என்ன, சாவி யாரிடம் என்று கேட்க லீவு தேவையில்லை. ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. பெண்கள் ஒதுக்கீட்டில் போக ஒரு டிக்கெட், திரும்பி வர ஒரு டிக்கெட். பிடிக்காவிட்டால் இரண்டாம் நாளே கிளம்பி வந்துவிடு, போன பணம் போகட்டும் என்று வழியனுப்பும்போது ஒரு வார்த்தை.