சிறுநகரில் சொந்த வீடு: பெற்றோர் சிந்தனைக்கு!



ஜொகூர் பாருவில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல இன்று ஒரே கேள்வியோடு இருக்கின்றன. நகரத்து அடுக்குமாடியிலேயே காலத்தைக் கழிப்பதா? அல்லது கூலாய் போன்ற சிறுநகரில் ஒரு தரைவீட்டை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து நாள்தோறும் வேலைக்குச் சென்று வருவதா? வீடு வாங்குவது அவரவர் பொருளாதாரத்தைப் பொறுத்தது. இதில் ஆசிரியர் கருத்துச் சொல்ல என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். இருக்கிறது! குடும்பம் எங்கே குடியேறுகிறதோ அங்கேதான் பிள்ளையின் பள்ளி அமைகிறது. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் தமிழ்ப்பள்ளி வாழ்கிறது.

முதலில் நம் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். நம் முன்னோர் தோட்டத்து லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அந்த வீடுகள் அவர்களுடையவை அல்ல. வேலை இருக்கும் வரை கூரை இருந்தது. வேலை போனால் கூரையும் போனது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், அந்த அவலத்தைத் தடுக்கவே துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்குவது அதன் நோக்கம். பின்னர் 1990-இல் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறித்த குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. அது வீட்டின் தரத்தைப் பேசியது. வீட்டின் உரிமையைத் தரவில்லை. ஆகவே, ‘இது என் வீடு’ என்று சொல்லும் உரிமை நம் குடும்பங்கள் பலவற்றுக்கு மிக அண்மையில் கிட்டியது. அதன் அருமையை நாம் உணர்தல் வேண்டும்.

இனி, சிறுநகரில் வீடு வாங்குவதற்கான காரணங்களைக் காண்போம்.

1. பிள்ளையின் கல்வி ஓரிடத்தில் நிலைபெறும்

வாடகை வீட்டுக் குடும்பம் வீடு மாறும்போதெல்லாம் பிள்ளையும் பள்ளி மாற நேர்கிறது. புதிய வகுப்பு, புதிய ஆசிரியர், புதிய நண்பர்கள். முதலாம் ஆண்டில் எழுத்தறிவும் எண்ணறிவும் வேரூன்ற வேண்டிய நேரத்தில் வேர் பிடுங்கப்படுகிறது. மாறிப்போன இடத்திற்கு அருகில் தமிழ்ப்பள்ளி இல்லை எனில், ‘பக்கத்தில் உள்ள பள்ளியிலேயே சேர்த்துவிடுவோம்’ என்ற முடிவுக்குப் பெற்றோர் வந்துவிடுகின்றனர். சொந்த வீடு, ஆறாண்டுகளும் பிள்ளையை ஒரே பள்ளியில் நிலைநிறுத்துகிறது.

2. தமிழ்ப்பள்ளிக்கு உயிர் கிடைக்கும்

நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி எனும் பட்டியலில் இடம்பெறுகிறது. மாணவர் மேலும் குறைந்தால், இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பறையில் அமர்த்திக் கற்பிக்கும் நிலை வருகிறது. இதற்குத் தலையாய காரணம், தோட்டத்தை விட்டு மக்கள் வெளியேறியதே. பள்ளி ஓரிடத்தில், பிள்ளைகள் வேறிடத்தில்!

இதற்கு மாறான காட்சியும் நம் மாநிலத்திலேயே உண்டு. ஸ்கூடாய் வட்டாரத்தின் முத்தியாரா ரினி குடியிருப்பில் உள்ள தமிழ்ப்பள்ளி, இன்றும் ரினி தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. தோட்டம் இருந்த வட்டாரம் வீடுகளாக மாறிவிட்டது; பள்ளியின் பெயர் மாறவில்லை. கூலாய் வட்டாரத்திலும் கூலாய் பெசார் தமிழ்ப்பள்ளி போன்றவை தோட்டக் காலத்தின் நினைவைச் சுமந்தவாறே பாடம் நடத்துகின்றன. இவற்றைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் குடியேறினால், எந்த விளம்பரமும் இல்லாமலே முதலாம் ஆண்டு வகுப்பு நிறையும்.

3. வளர்ச்சி அந்தப் பக்கமே வருகிறது

கூலாய் நகரம் ஜொகூர் பாருவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் தொடர்வண்டிப் பாதையும் அதன் வழியே செல்கின்றன. செனாய் விமான நிலையமும் அருகில் உள்ளது. கூலாய், செடெனாக் பகுதிகளில் தரவு மையங்கள் எழுந்துள்ளன. ஜொகூர் சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான ஒப்பந்தம் 2025 சனவரியில் கையொப்பமானது. ஆகவே, கூலாயில் வீடு வாங்குவோர் அனைவரும் நகரத்திற்கே ஓட வேண்டும் என்பதில்லை. நம் பிள்ளைகள் வளரும்போது வேலையும் வீட்டருகே அமைய வாய்ப்புண்டு.

இத்துணை நன்மைகளையும் சொல்லிவிட்டு, இழப்பைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அந்த இழப்பின் பெயர் நேரம்!

கூலாயில் வீடு, சிங்கப்பூரில் வேலை என்றால் விடியலுக்கு முன்பே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். கடற்பாலத்து நெரிசலை அறியாதார் நம்மில் யார்? நாளொன்றுக்குக் கூடுதலாக இரண்டு மணி நேரம் சாலையில் கழிந்தால், 250 வேலை நாள்களில் 500 மணி நேரம் ஆகிறது. அது இருபது முழு நாள்களுக்கும் மேல். அந்த நேரம் யாருடையது? பிள்ளையோடு அமர்ந்து வாசிக்க வேண்டிய நேரம் அல்லவா? புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் வடக்கையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் விரைவு இரயில் திட்டம் எல்லையைக் கடக்கும் நேரத்தைக் குறைப்பதற்கானது. ஆனால், கூலாயிலிருந்து புக்கிட் சாகார் வந்து சேரும் நேரத்தை அது குறைக்காது. 2025 டிசம்பரில் ஜொகூர் பாரு வரை நீண்ட மின்தொடர்வண்டிச் சேவையும் நெடுந்தொலைவுப் பயணத்துக்கானது. அதன் கால அட்டவணை உங்கள் வேலை நேரத்துக்குப் பொருந்துமா என்று பாராமல் அதை நம்பி வீடு வாங்காதீர்கள்.

கடன் கணக்கையும் பெற்றோர் தாமே போட்டுப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 300,000 ரிங்கிட் வீட்டுக்கு 30,000 ரிங்கிட் முன்பணம் போக, 270,000 ரிங்கிட் கடன் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டியில், 35 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 1,195 ரிங்கிட். மொத்தம் செலுத்துவது 5 இலட்சத்தைத் தாண்டும். அதே கடனை 25 ஆண்டில் அடைத்தால் தவணை ஏறத்தாழ 1,425 ரிங்கிட். மொத்தத்தில் 74,000 ரிங்கிட்டுக்கு மேல் மிச்சமாகும். ஒரு பிள்ளையின் உயர்கல்விக்கு அது கைகொடுக்கும் அல்லவா? ஆசிரியர்களுக்குப் பொதுத்துறை வீடமைப்பு நிதி வாரியத்தின் கடன் உண்டு. தனியார் துறையினர், ஊழியர் சேமநிதியில் வீட்டுக்காக எடுக்கக்கூடிய பகுதியைக் கேட்டறியலாம். வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி, பயணச் செலவு ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நிலம் நிலையுரிமையா, குத்தகையா என்பதையும் மறவாமல் பார்க்க வேண்டும்.

எனவே, என் கருத்து இதுதான். சிறுநகரில் வீடு வாங்குங்கள். ஆனால், விலை மலிவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வீடு பார்க்கச் செல்லும் நாளில், பேரங்காடி எத்தனை தூரம் என்று கேட்பதற்கு முன், தமிழ்ப்பள்ளி எத்தனை தூரம் என்று கேளுங்கள். பெற்றோரில் ஒருவராவது மாலையில் பிள்ளையோடு இருக்கும்படி வேலை அமையுமா என்று கணவனும் மனைவியும் கலந்து பேசுங்கள். இருவரும் இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்பும் வாழ்க்கை என்றால், அந்த வீட்டை இன்னும் சில ஆண்டு தள்ளிப்போடுவதே நன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பள்ளியைச் சுற்றி எந்தெந்தக் குடியிருப்புகள் எழுகின்றன, பள்ளி வாகனம் எங்கெல்லாம் செல்கிறது, பாலர் பள்ளியில் இடம் உண்டா என்ற செய்திகளை ஒரு தாளில் அச்சிட்டுக் கோவில்களிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் கொடுப்போம். வீடு தேடும் இளம் தம்பதியரின் கையில் வீட்டு விற்பனையாளரின் தாள் மட்டும் இருந்தால் போதாது. பள்ளியின் தாளும் இருக்க வேண்டும்.

பெற்றோரே, சிந்திப்பீர்! முதலாம் ஆண்டுப் பதிவுக்கு முன்பே முடிவெடுப்பீர்!