தந்தையாகும் உரிமைக்குத் தடை எது?

எச்.ஐ.வி. உள்ள ஆண் என்றதும் குழந்தைப்பேறு சிகிச்சையை மறுப்பதற்குக் காரணம் அச்சமே தவிர, மருத்துவம் அல்ல. அந்தக் கிருமி பெரும்பாலும் விந்துத் திரவத்திலும் அதிலுள்ள வெள்ளை அணுக்களிலும்தான் இருக்கிறது. அதனால் விந்தை அடர்கரைசலில் இட்டு, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, அடியில் படியும் விந்தணுக்களை மட்டும் எடுத்துக் கழுவி, கிருமி இல்லை என்று சோதித்த பிறகு மனைவியின் கருப்பையில் செலுத்தலாம். இத்தாலியின் மிலான் நகரில் மருத்துவர் செம்ப்ரினியின் குழு இதன் முடிவுகளை 1992-லேயே வெளியிட்டுவிட்டது. இன்று எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து அதைவிடப் பெரிய அரண். மருந்தால் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவர்களிடமிருந்து அவர்களுடைய இணையர் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை என்று ஐரோப்பாவில் நடந்த ‘பார்ட்னர்’ ஆய்வு 2016-ல் தெரிவித்தது.

ஆய்வகத்தில் பிறருடைய கருக்களுக்குத் தொற்று பரவிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. தனி உறைகலனும் தனி வேலைநேரமும் அதற்குப் போதுமான விடை. தம்பதியைத் திருப்பி அனுப்புவது விடையாகாது. செலவு கூடும் என்பது உண்மைதான், ஆனால் அது மறுப்பதற்கான காரணம் இல்லை. மருத்துவச் சேவையில் எச்.ஐ.வி. உள்ளோரிடம் பாகுபாடு காட்டுவதை இந்தியாவின் 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. கருத்தரிப்பு மையங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரிகள் அங்கே இந்தத் தடை பின்பற்றப்படுகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்.