மானாவாரி நிலத்தில் புதரை எரிக்கலாமா?

கோடை மழை ஒன்றிரண்டு பெய்து, ஆடிப் பட்டத்துக்கு நிலத்தைத் திருத்தத் தொடங்கியதும், மானாவாரி விவசாயிகள் பலர் செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. வரப்போரத்திலும் நிலத்தின் நடுவிலும் தலைதூக்கியிருக்கும் ஆவாரை, இலந்தை, சூரை முதலிய செடிகளை வெட்டிக் குவித்துத் தீ வைப்பதே அது. நிலம் துப்புரவாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதே. ஆனால் எல்லாப் புதர்களையும் பயிருக்குப் பகை என்று ஒரே கணக்கில் சேர்ப்பது வறண்ட நிலத்துக்கு நட்டமாகும்.

ஆடு மேய்க்கிறவர்கள் இதை நன்கு அறிவார்கள். சுற்றிலும் புல் காய்ந்த பிறகும் இலந்தைப் புதரின் அடியில் சில நாட்கள் பசுமை தங்கியிருக்கும். இதற்குக் காரணங்கள் பல. புதரின் நிழலில் மண் அதிகம் சுடுவதில்லை. எனவே ஈரம் மெதுவாகவே வற்றுகிறது. காற்றில் பறந்து வரும் நுண்மண்ணும் சருகும் புதரில் தட்டி அங்கேயே படிகின்றன. உதிரும் இலைகள் மட்கி உரமாகின்றன. முள் இருந்தால் ஆட்டின் வாய்க்கும் எட்டாது. பொட்டல் நிலத்தின் நடுவே இப்படி ஒவ்வொரு புதரடியும் ஒரு சிறு வளத் திட்டாக மாறிவிடுகிறது.

வயலில் விதைத்த பயிருக்கும் இந்த உதவி கிடைக்குமா? மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள செனகல் நாட்டில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கும் மணற்பாங்கான மானாவாரி நிலம். அங்கும் கம்பும் நிலக்கடலையுமே முக்கியப் பயிர்கள். குயேரா, பிலியோஸ்டிக்மா என்ற இரண்டு புதர்கள் அந்த வயல்களில் தாமாகவே வளர்கின்றன. பின்னது நம் மந்தாரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்நாட்டு விவசாயிகளும் விதைப்புக்கு முன் அவற்றை வெட்டி எரிப்பதே வழக்கம். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் செனகல் விஞ்ஞானிகளும் சேர்ந்து, ஹெக்டேருக்குச் சுமார் 1,500 புதர்கள் என்ற அளவில் நெருக்கமாக விட்டு, தழையை எரிக்காமல் மண்ணிலேயே பரப்பிப் பார்த்தனர். இரசாயன உரம் இடாத நிலையிலும் மகசூல் கூடியது.

இந்தப் புதர்களின் ஆழ்வேர்கள் அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சுகின்றன. இரவில் இலைகள் நீரை வெளிவிடாதபோது, அந்த ஈரத்தில் ஒரு பகுதி மேல்வேர்கள் வழியே காய்ந்த மேல்மண்ணில் கசிகிறது. இந்த நீர் பக்கத்துப் பயிருக்கும் போய்ச் சேர்வதை 2018-இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. அடையாளத்துக்காகக் கன ஹைட்ரஜன் கலந்த நீரைப் புதரின் ஆழ்வேருக்குக் கொடுத்தபோது, அந்த நீர் அருகிலிருந்த கம்புப் பயிரிலும் காணப்பட்டது.

எல்லாப் புதரும் இப்படி உதவுவதில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1877-இல் இந்தியாவுக்கு வந்த சீமைக்கருவேல் இதற்கு நேர்மாறானது. இதன் சருகிலிருந்து வடியும் சாறு பல விதைகளின் முளைப்பைத் தடுப்பது சோதனைகளில் தெரிந்துள்ளது. அடியில் புல்பூண்டு குறைந்து தரை வெறிச்சோடிப் போவதைக் கண்ணாலேயே காணலாம். அதற்கு நெருங்கிய உறவான வன்னி மரத்தின் கீழோ, இராஜஸ்தான் விவசாயிகள் கம்பும் பயறும் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வருகிறார்கள்.

ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. சீமைக்கருவேலை வேரோடு அகற்றுவது தேவையான பணியே. ஆனால் ஜே.சி.பி. இயந்திரத்தை இறக்கி, அதோடு ஆவாரை, இலந்தையையும் சேர்த்து வழித்துவிட்டால், மிஞ்சுவது காற்றும் மழையும் அரிக்கும் வெற்று மண்தான். பொட்டலாக விட்ட இடத்தில் மீண்டும் முதலில் முளைப்பதும் சீமைக்கருவேலாகவே இருக்கக்கூடும்.

புதர் இருந்தால் டிராக்டர் ஓட்ட இடைஞ்சல், எலியும் காட்டுப்பன்றியும் தங்கும் என்று விவசாயிகள் சொல்வதில் நியாயம் உண்டு. நல்ல மழை பெய்யும் ஆண்டில் உயரமாக வளரவிட்ட புதர் பயிரோடு நீருக்கும் வெளிச்சத்துக்கும் போட்டியிடும் என்பதும் உண்மை. ஆகவே புதரை அப்படியே வளரவிடக் கூடாது. நிலத்தின் நடுவே தாறுமாறாக இருப்பவற்றை நீக்கிவிட்டு, வரப்பை ஒட்டியும் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகவும் அமைந்தவற்றை மட்டும் விடலாம். விதைப்புக்கு முன் அடிக்கட்டையை விட்டு வெட்ட வேண்டும். மீண்டும் தழைத்தால் பயிர்க்காலத்திலும் ஒருமுறை கவாத்து செய்ய வேண்டும்.

வெட்டிய தழையை எரிப்பதுதான் பெரிய இழப்பு. தழைச்சத்து புகையோடு போய்விடும். மிஞ்சும் சாம்பலையும் ஆடிக்காற்று அள்ளிச் செல்லும். அதே தழையைத் துண்டாக்கி மூடாக்காகப் பரப்பினால் ஈரமும் காக்கப்படும், மண்ணும் வளம் பெறும். விதை முற்றிய கிளைகளைத் தவிர்ப்பது நல்லது.

செனகல் புதர் வேறு, நம் புதர் வேறு. எனவே முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டியதில்லை. ஒரு மூலையில் நான்கைந்து புதர்களை விட்டு, அவற்றிலிருந்து மூன்றடி தூரத்தில் உள்ள இருபது கம்புக் கதிர்களையும், இருபதடி தள்ளி உள்ள இருபது கதிர்களையும் அறுவடையில் தனித்தனியே நிறுத்துப் பார்க்கலாம். இதற்குச் செலவு இல்லை. எந்தப் புதரை வைப்பது, எதை வெட்டுவது என்பதை அவரவர் நிலத்துத் தராசே சொல்லிவிடும். அந்த விடை கிடைக்கும் வரை தீப்பெட்டியை எடுக்காமல் இருப்பதே மானாவாரி விவசாயிக்கு லாபம்.